தனிக்குடித்தனம் போன குரல்

என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது. காது மட்டும் பாம்புக்காது. ஒரு பெரிய மருத்துவமனையில் பதினாறு வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர். கணினித் திரையில் உள்ள பெயர்களையும் எண்களையும் ஒரு மென்பொருள் அவருக்கு வாசித்துச் சொல்லும். அவர் வைத்திருக்கிற வேகத்தில் கேட்டால் நமக்குத் தகரத்தில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கும். அவருக்கு ஒரு எண் பிசகாது.

மென்பொருள் இலவசம். ஒரு கம்பெனி ஆறு பேருக்குச் சம்பளம் கொடுத்து அதை வளர்த்தது. ஆனால் நிரல் திறந்து கிடக்கும், யாரும் எடுத்துத் திருத்தலாம். இவருக்கு நிரல் எழுத வராது. ஒவ்வொரு புதுப் பதிப்பையும் முதல் ஆளாகக் கேட்டுவிட்டு, இங்கே விக்குகிறது, அங்கே எண்ணை விழுங்குகிறது என்று குறை எழுதி அனுப்புவார். ஒன்பது வருஷத்தில் நானூறுக்கு மேல்! அந்த வட்டாரத்தில் காதுக்காரர் என்றால் இவர்தான். சல்லிக்காசு கிடையாது. நான் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

போன வருஷம் கம்பெனி ஒரு அறிவிப்பு போட்டது. கணினிக்குள்ளேயே இருக்கும் பழைய குரலை எடுத்துவிடுவார்களாம். புதுக் குரல் இணையத்தின் வழியாகத்தான் வருமாம். தேனாட்டம் குரல், நானே மயங்கினேன். ஆனால் எங்கள் மருத்துவமனையில் இணையம் வாரத்துக்கு இரண்டு தடவை படுத்துக்கொள்ளும். அப்போது இவருடைய திரை ஊமை. பழைய பதிப்போடு காலம் தள்ளலாம் என்றால், வருஷக் கடைசியில் மருத்துவமனைக்கு வரப்போகிற புதுக் கணினிகளில் அது ஓடாது. வேலையே போய்விடும்.

மென்பொருளுக்கு உதவும் தன்னார்வலர்கள் இருபத்து மூன்று பேர் இணையத்தில் கூடினார்கள். “ஃபோர்க் பண்ணிடுவோம்!” என்று ஒரே கூச்சல். நிரலைப் பிரதியெடுத்து, வேறு பெயரில் தனிக்குடித்தனம் போவதற்குத்தான் அந்தப் பெயர். ஒருவர் சின்னமே வரைந்து காட்டினார். கடைசியில் இவரிடம் கேட்டார்கள்.

“பிரிஞ்சு போறது ஒரு நாள் வேலைங்க,” என்றார். “மறுநாள்லேருந்து யார் பாத்துக்கிறது? தீராத குறை நாப்பது கெடக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்து ரெண்டு வாரத்துல முடிச்சுட்டு வாங்க. புள்ள பொறக்கட்டும், பேரு அப்புறம் வைப்போம்.”

எனக்கு வந்ததே கோபம்! கூட்டம் முடிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“உங்க வேலைக்கே வேட்டு வைக்கிறாங்க. நீங்க என்னடான்னா வந்தவங்களுக்குப் பரீட்சை வைக்கிறீங்க. ஓடிட்டாங்கன்னா?”

“ஓடுறவங்க இப்பவே ஓடட்டும். என்னை மாதிரி எத்தனை பேர் இதை நம்பி வேலைக்குப் போறாங்க? நம்ம பின்னாடி வரச்சொல்லிட்டு ஆறு மாசத்துல கைவிட்டா, அவங்க நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

அவருக்கும் பயம்தான், குரலிலேயே தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், முடித்தவர்கள் நாலே பேர். சின்னம் வரைந்த மகராசனைக் காணவே காணோம்.

“நாலு பேர் எதுக்குன்னு தெரியும்ல? தூக்கிட்டுப் போறதுக்கு,” என்றேன் எரிச்சலில்.

விழுந்து விழுந்து சிரித்தார். “தூக்கி வளர்க்கவும் நாலு பேர் போதும்டி. இதுல ஒருத்தர் ஒண்ணுக்கு மூணா முடிச்சிருக்காரு பாரு.”

அன்று சாயங்காலம் முழுக்க, திருத்தியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, “பிரிவோம்” என்று எழுதினார். கம்பெனியை ஒரு வார்த்தை திட்டவில்லை. இத்தனை வருஷம் வளர்த்ததற்கு நன்றி சொல்லிக் கடிதம் போனது. கம்பெனியின் அந்த ஆறு பேரில் ஒருவர், எந்தெந்த இடத்தில் கை வைத்தால் குரல் உடையும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். வருஷக் கடைசிக்குள் புதுக் கணினியில் பழைய குரல் ஓடியது.

நானும் அதே மருத்துவமனையில்தான், மருந்தகத்தில். போன மாதம் ஒருநாள் காலை இணையம் படுத்துக்கொண்டது. என் திரையில் மருந்துப் பட்டியல் அப்படியே நின்றுவிட்டது. கவுன்ட்டரில் கூட்டம், கத்தல். எனக்கு அவர் நினைப்புதான். அந்த நேரம் பார்த்து மேசையில் டெலிபோன் அடித்தது.

“மருந்தகமா? மூணாவது வார்டு டாக்டர் லைன்ல இருக்காரு, குடுக்கவா?”

அவரேதான். “நெட் இல்லைங்க...” என்றேன், அசடு மாதிரி.

“அதுக்கென்ன இப்போ? பேசுங்க மேடம், டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு.”