மவுத் ஆர்கன் வாத்தியமா, பொம்மையா?

யுத்தம் முடிந்த பிறகு நான் இறக்குமதி லைசென்சு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தேனாம்பேட்டையில் ஒரு பழைய பங்களா. கப்பலில் எது வரலாம், எது வரக்கூடாது என்று அங்கேதான் முடிவு செய்வார்கள். வாத்தியத்துக்கு அனுமதி உண்டு, பொம்மைக்குக் கிடையாது.

ஒருநாள் திருவல்லிக்கேணி வியாபாரி ஒருவர் வந்தார். உருது பேசும் பாய். மவுத் ஆர்கன் தருவிக்க லைசென்சு வேண்டும் என்று மாதிரிக்கு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

எங்கள் அதிகாரி மயிலாப்பூர்க்காரர். சபா சபாவாகக் கச்சேரி கேட்பவர். அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது பொம்மையோன்னோ?" என்றார்.

"இன்னா சார் இப்டி சொல்றீங்க? இது பாஜா சார், வாத்தியம்!"

"அப்படின்னா வாசிச்சுக் காட்டும்."

பாய் ஊதினார். பக்கத்து அறை குமாஸ்தாக்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

எனக்குப் பாவமாக இருந்தது. என் அண்ணனுடைய மவுத் ஆர்கனை ஊதிப் பழகியிருந்தேன். "நான் வாசிக்கட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டேன். பாய் அதைக் கைக்குட்டையால் துடைத்து நீட்டினார்.

எனக்கு முழுதாகத் தெரிந்தது மங்களம் ஒன்றுதான். அதையே வாசித்தேன்.

அதிகாரி தொடையில் தாளம் போட்டார். கண்ணை மூடினார். முடிந்ததும் கைகூப்பி எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்து, குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். கச்சேரி முடிந்தால் வீட்டுக்குக் கிளம்பிப் பழகிய கால்கள்! வெளியே உச்சி வெயில் முகத்தில் அடித்தபோதுதான் நின்றார். ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியந்தான், சந்தேகமே இல்லை" என்று கையெழுத்துப் போட்டார்.

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா, இத நீயே வெச்சுக்க" என்று அதை என் கையில் திணித்தார்.

"ஓய், சர்க்கார் ஆபீஸ்ல லஞ்சமா?" என்று அதிகாரி அதட்டினார்.

"லஞ்சமா? ஐயோ, இது சும்மா புள்ளைங்க ஊதற பொம்மை சார்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதிகாரி கையெழுத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

"மை காயறதுக்குள்ள ஓடிப்போம்!"

பாய் மவுத் ஆர்கனையும் லைசென்சையும் அள்ளிக்கொண்டு ஓடினார். அன்றிலிருந்து ஊதல், கிலுகிலுப்பை, சைக்கிள் மணி என்று சத்தம் போடும் சாமான் எது வந்தாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வந்தது.