பார்க்டேலில் ஒரு தட்டு என்செனெனே

காலை பத்து மணிக்கு ஸ்ரௌவ்விலில் தங்கை வீட்டில் இருந்து புறப்பட்டோம். பார்க்டேல் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். காரை ஓட்டியவன் என் தங்கை றெஜினாவின் மகன் கெவின். அவன் விரும்பும் கிரேஸ் உகண்டாப் பெண். அவளுடைய பெற்றோரை முதன்முதலாகச் சந்திக்கப் போகிறோம்.

"இண்டைக்குப் போய்ப் பாத்துப்போட்டுத்தான் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவன்," என்று றெஜினா வாசலிலேயே அறிவித்துவிட்டாள். மன்னாரில் இருந்து விடுமுறைக்கு வந்த நான் அதற்குச் சாட்சி.

404 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. பதற்றத்தை மறைக்கக் கெவின் எனக்குக் கிரேசின் மொழியான லுகண்டா சொல்லித்தந்தான். நாய் எம்ப்வா. ஆடு எம்புஸி. தேனீ எஞ்சூகி. நுளம்பு என்சிரி, சொல்லிப் பாருங்கள், காதுக்குள் பறக்கும். யானைக்கு எஞ்சோவு என்று வாய் நிறைய ஒரு பெயர்.

"ஈசல் என்ஸ்வா, பெரியம்மா. பொரிச்சுச் சாப்பிடுவினம். சோ குட்."

றெஜினா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பார்க்டேலில் வாகனம் நிறுத்த மணித்தியாலத்துக்கு ஐந்து டொலர். கிரேஸ் வீடு ஒன்பதாம் மாடியில். தேநீருக்குப் பின் அவளுடைய தகப்பனார் ஒரு தட்டை நடுவில் வைத்தார். என்செனெனே. வெங்காயத்தோடு பொரித்த வெட்டுக்கிளி, கம்பாலாவில் இருந்து வந்தது. துணிந்து ஒன்றை வாயில் போட்டேன். எங்கள் கூனி இறால் வறுவலுக்குச் சற்றும் குறைவில்லை.

கிரேசும் தகப்பனாரும் கை ஓயாமல் சாப்பிட்டார்கள். தாயார் மட்டும் தொடவில்லை. றெஜினா அதைக் கவனித்துவிட்டாள். எடுத்த ஒன்றைத் தட்டோரம் வைத்தாள்.

"அக்கா, அவ வாயில வைக்கேல்லை. தான் தின்னாததை எங்களுக்கு ஏன் தாறா?"

கெவினுடைய முகம் செத்துப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. தாயாரிடமே ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். "நானே என்செனெனே. அதை எப்படிச் சாப்பிடுவேன்?"

அவர்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் உயிரின் பெயர். அந்த உயிரை அந்தக் குலத்தவர் உண்ணுவதில்லை. தாயார் வெட்டுக்கிளிக் குலம். கணவர் எம்மாம்பா என்ற மீனின் குலம். பிள்ளைகள் தகப்பன் வழி என்பதால் கிரேசுக்கு அந்த மீன்தான் ஆகாது. தான் தொடாததை விருந்தாளிகளுக்காகத் தேடி வரவழைத்து, கணவரைக் கொண்டு பொரிக்க வைத்திருக்கிறார் அந்த அம்மா.

வியந்துபோனேன். காரில் நான் விளையாட்டாய்ச் சொல்லிப் பார்த்த சொற்களைப் போன்றவை இங்கே மனிதர்களுக்கு உறவு முறை. ஒரு பூச்சிக்கு இத்தனை மரியாதை தரும் மொழியை நான் இதுவரை கேட்டதில்லை.

றெஜினா தட்டோரம் வைத்ததை எடுத்துச் சாப்பிட்டாள்.

திரும்பும் வழியில் தாயின் முடிவைக் கேட்கக் கெவினுக்குத் துணிவில்லை. மார்க்கம் நகரைத் தாண்டும்போது றெஜினா வாய் திறந்தாள்.

"கலியாணத்தில உது வைக்கிறதெண்டா, சம்மந்தியம்மாவுக்கு வேற ஏதும் பொரிக்கவேணும்."

கெவின் நெடுஞ்சாலையில் இருந்து இறங்கவேண்டிய வழியை விட்டுவிட்டு நேரே போனான். நாங்கள் இருவரும் அதை அவனிடம் சொல்லவில்லை.