கெடச்சுதா அக்கா

பூங்கா பெஞ்சின் அடியில் வலது கையை விட்டுத் துழாவும்போது, முகம் மட்டும் சம்பந்தமே இல்லாமல் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பஸ் வருகிறதா என்று பார்க்கிற முகம். பூங்காவுக்குள் பஸ் எப்படி வரும் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வதென்று அக்கா இன்னும் யோசித்து வைக்கவில்லை. கை அதன்பாட்டுக்குப் பலகை இடுக்கு, ஆணித்தலை, என்றைக்கோ யாரோ ஒட்டிவிட்டுப் போன பபிள்கம் என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே போகும். கடைசியில் காந்தம் வைத்த சின்னத் தகர டப்பா ஒன்று விரலில் தட்டுப்படும். அப்போதுதான் அந்த முகமும் அந்தக் கையும் ஒரே ஆளுடையவை என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை மட்டும் இணையதளத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துவிடுவார். மற்றவர்கள் போனில் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் அக்காவின் கணவருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

"கண்டுபிடிச்சா என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு அலையறே?"

"பேரெழுதலாம்ல?"

"பேப்பர் நான் தர்றேன். வீட்லயே உக்காந்து எழுதிக்கோ."

அக்காவுக்குச் சம்பளம் தரும் வேலை இதற்கு நேர் எதிர். பஸ் நிலையத்தில் தவறவிட்ட பொருள்களுக்கான கவுன்ட்டர் அவருடையது. குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஹெல்மெட்டுகள், ஒரு பல்செட், பிறகு ஒரு தையல் மெஷின். தையல் மெஷினை மறந்துவிட்டு இறங்கிப்போனவர் யார் என்ற கேள்வி அந்த அறையில் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஜன்னலுக்குள் தலையை நீட்டுகிற எல்லோரும் முதலில் கேட்பது "கெடச்சுதா அக்கா?" என்றுதான். நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுகூட, "கெடச்சுதா அக்கா இன்னிக்கு லீவா?" என்பார்கள்.

பொருளைத் திருப்பித் தருவதில் அக்கா லேசில் மசிய மாட்டார். "கறுப்புக் குடைன்னு சொன்னா எப்படிங்க? இந்த ரூம்ல கறுப்பா இல்லாத குடை ஒண்ணு காட்டுங்க, பாப்போம். கைப்பிடில என்ன அடையாளம்? கம்பி எத்தனை வளைஞ்சிருக்கு?" தன் குடையை இவ்வளவு நெருக்கமாக அறியாத மனிதர்கள் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

தேடப்போகும் இடத்தில் ஆள் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்பதில் அக்கா ஒருமுறை நன்றாகச் சூடுபட்டிருக்கிறார். நூலகத்துப் பின்வேலியில் குனிந்துகொண்டிருந்தபோது ஒரு அம்மாள் வந்து, "என்னங்க தேடறீங்க?" என்றார். வாயில் வந்தது, "தோடு விழுந்துடுச்சுங்க." அவ்வளவுதான், அந்த அம்மாள் தெருவையே திரட்டிவிட்டார். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு மண்டியிட்டார். அரைமணி நேரம் சல்லடை போட்டுத் தேடியதில் உண்மையிலேயே ஒரு தோடு கிடைத்துவிட்டது. கைதட்டி அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்கள். மறுநாள் காலை அதைத் தன் கவுன்ட்டரில் தானே ஒப்படைத்துத் தானே வாங்கி வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பூச்சிங்க. பெரிய பூச்சி." யாரும் கிட்டே வருவதில்லை.

கணவரின் தங்கைக்குத் தையல்கடை. அக்காவைவிட ஒரு வயதுதான் சின்னவர், வாய் மட்டும் பத்து வயது பெரியது. போன வருடம் அவருக்கும் இந்தப் பைத்தியம் தொற்றியது. "எனக்கும் கத்துக்குடுங்க அண்ணி" என்று நாத்தனார் தானாக வந்து கேட்டது கல்யாணமான இத்தனை வருடத்தில் அதுவே முதல் தடவை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"போன் உன்னைப் பக்கத்துல கொண்டுபோய் விடும், அவ்ளோதான். அதுக்கப்புறம் அதைப் பைக்குள்ள போட்டுட்டுக் கண்ணைத் தெற. கல்லு குமிஞ்சிருந்தா நல்லாப் பாரு. எது தானா உக்காந்திருக்கு, எதை உக்கார வச்சிருக்காங்கன்னு தெரியும். மண்ணைத் தோண்டாதே, யாரும் பொதைச்சு வைக்க மாட்டாங்க. சொந்தமா ஒரு பேனா எடுத்துக்கோ. எடுத்த எடத்துலயே திருப்பி வை. இதைவிட நல்ல எடம் இருக்கேன்னு உனக்குத் தோணும். தோணினா வாயை மூடிட்டு வீட்டுக்கு வந்துடு."

"ஒளிச்சு வைக்கணும்னா?"

"பூங்காவா இருந்தா வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும். சாப்பாட்டு டப்பாவை எடுத்துடாதே, எறும்புதான் மொத ஆளா கண்டுபிடிக்கும். தண்ணி போகாத மூடி வேணும். மூடி மேல, இது விளையாட்டுக்கு வச்சதுன்னு பெருசா எழுதிடு. இல்லேன்னா குப்பைன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

நாத்தனார் முதல் டப்பாவை அதன் மேல் உட்கார்ந்து கண்டுபிடித்தார். "குத்துச்சு அண்ணி, எழுந்து பாத்தேன்" என்று அவர் சொன்னதை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

இத்தனை அறிவுரை வழங்கிய அக்கா, தானே முதன்முதலாக ஒரு டப்பாவை ஒளித்தபோது மூடி மேல் ஒன்றும் எழுதவில்லை. "எழுதி வச்சா அது ஒளிச்ச மாதிரியாவா இருக்கும்?" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மரப்பட்டை நிறத்தில் டேப் சுற்றி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில், வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மரப்பொந்தில் வைத்தார். உள்ளே, 'பேர்' என்று மட்டும் தலைப்புப் போட்டுச் சுருட்டிய ஒரு வெள்ளைக் காகிதம். அதன் முதல் வரியில் யார் பெயர் விழும் என்பது மட்டுமே அந்த நாட்களில் அவருடைய கவலை. வேலை முடிந்ததும் ஓடிப்போய்த் திறந்து பார்ப்பார். காகிதம் வெள்ளையாகவே இருக்கும்.

"நானே போய் எழுதிட்டு வரட்டுமா அண்ணி? பாக்கவே பாவமா இருக்கு" என்றார் நாத்தனார்.

"வீட்டு ஆளு எழுதினா கணக்குல சேராது."

ஒருநாள் பொந்து காலியாக இருந்தது. மறுநாள் கவுன்ட்டர் ஜன்னலில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் நின்றார். சட்டையெல்லாம் மாவு. அதிகாலை அடுப்பு வேலையை முடித்துவிட்டுப் பூங்கா வழியாக வீட்டுக்குப் போகிறவர். கையில் அக்காவின் டப்பா.

"மரத்துல மாட்டிட்டு இருந்துச்சுங்க. யாரோ பாவம், தேடிட்டு இருப்பாங்க."

"ஆமாங்க" என்றார் அக்கா ஈனசுவரத்தில். "தேடிட்டுத்தான் இருக்காங்க."

பின்னால் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். யார் கொண்டுவந்து கொடுத்த பொருளானாலும், உரியவர் வராவிட்டால் மூன்று மாதம் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. ரொட்டிக்கடைக்காரர் போனதும் அக்கா உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"உங்களுதா? எப்படித் தொலைச்சீங்க?"

"தொலைக்கலை சார். ஒளிச்சு வச்சேன்."

"எதுக்கு?"

"யாராச்சும் கண்டுபிடிக்கறதுக்கு."

"அதான் கண்டுபிடிச்சுட்டாரே. அப்புறம் என்ன?"

மேற்பார்வையாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒளித்து வைத்த பொருள் தன் அதிகாரத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொல்லி டப்பாவைக் கொடுத்துவிட்டார்.

அக்கா வேறு மரம், இன்னும் உயரமான பொந்து பார்த்து வைத்தார். ரொட்டிக்கடைக்காரர் அதையும் கொண்டுவந்தார். "மூணாவது தடவை தொலைச்சாங்கன்னா வீட்ல சொல்லி வைங்க. மறதி வியாதியா இருக்கும்" என்று கவலைப்பட்டுவிட்டுப் போனார். இதற்குள் தேடிவந்த இரண்டு பேர், இடத்தில் டப்பாவே இல்லை என்று இணையதளத்தில் எழுதிவிட்டார்கள். அதைக் கவனித்துக்கொள்ளும் தொண்டர் ஒருவர் மரியாதையாக எச்சரித்திருந்தார்: இன்னொரு முறை இப்படிப் புகார் வந்தால் வரைபடத்திலிருந்து புள்ளியை எடுத்துவிடுவோம்.

அக்கா கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாத்தனாரிடம் சொன்னதைத் தானும் செய்தார். மூடி மேல் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இது விளையாட்டுப் பெட்டி. எடுத்த இடத்திலேயே வைக்கவும்.' எழுதிய கையோடு, அந்த ரொட்டிக்கடைக்காரர் இனியும் வந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதற்கும் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

வந்தார். அதே மாவுச் சட்டை, அதே டப்பா.

"யாரோ கொழந்தையோட சாமானுங்க. விளையாட்டுப் பெட்டின்னு எழுதியே இருக்கு பாருங்க. எடுத்த எடத்துல வைக்கச் சொல்லிருக்குதான். ஆனா மழை வர்ற மாதிரி இருந்துச்சா, நனைஞ்சு போச்சுன்னா கொழந்தை அழுமே."

அக்கா ஒத்திகை பார்த்த முதல் வார்த்தைக்கு வாயைத் திறந்தார்.

"வெலாசம் இருக்கான்னு தெறந்து பாத்தேங்க" என்றார் அவர். "ஒரு பேப்பர் இருந்துச்சு. பேருன்னு போட்டு வெறுமனே விட்டிருந்தாங்க. யாரு எடுத்தான்னு உரியவங்களுக்குத் தெரியட்டும்னு என் பேரை எழுதிட்டேன். தப்பாங்க?"

அக்கா மூடியைத் திறந்தார். சுருளைப் பிரித்தார். முதல் வரியில், குழந்தைபோல் குண்டுகுண்டான எழுத்தில், ஒரு பெயர். பக்கத்தில் மாவு படிந்த கட்டைவிரல் ரேகை. கண்டுபிடித்திருக்கிறார், எடுத்திருக்கிறார், பெயரும் எழுதியிருக்கிறார். ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அழுகை வரும்போல இருந்தது, கூடவே சிரிப்பும்.

"தப்பு இருக்குங்க" என்றார் அக்கா.

ரொட்டிக்கடைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. தேதி போடாத பெயர் அந்த விளையாட்டில் செல்லாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அக்கா தன் பேனாவின் மூடியைக் கழற்றி, காகிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, அது சுருண்டுவிடாமல் இரண்டு ஓரத்தையும் தன் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.