சாயப்பட்டறைப் புகைபோக்கி

சிவப்புப் பட்டு நூல் கழி ஒன்று. அதன் மேல் மிளகளவில் கறுப்புத் திட்டுகள். சாயப்பட்டறை முதலாளி அதை அங்கே நூல் அலசிக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தில் எறிந்தபோது, பள்ளி விட்டு அவளைத் தேடிவந்த நான் வாசலில் நின்றிருந்தேன். "தூரமா இருந்துக்கினு உள்ள வந்து, கோயில் பட்ட கெடுத்துட்டியேமா!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மாதவிலக்கான பெண் அருகில் வந்தால் சாயம் திரிந்துவிடும் என்பது அந்தப் பட்டறையின் சட்டம். அம்மாவுக்கு அன்று விலக்கே இல்லை. அதை அத்தனை ஆண்கள் நடுவில் எப்படிச் சொல்வாள்? என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதன் பிறகு பெரிய காஞ்சிபுரத்தில் எந்தப் பட்டறையும் அவளைச் சேர்க்கவில்லை. வாலாஜாபாத் அரிசி ஆலையில் தூசியை விழுங்கியே செத்தாள். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

நான் கொத்தனார் வேலை கற்றேன். போன ஐப்பசியில் அதே முதலாளி ஆள் அனுப்பினார். நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியாது. சாயம் காய்ச்சும் அடுப்பின் செங்கல் புகைபோக்கி வழியாக மழைத்தண்ணீர் இறங்குகிறதாம். ஏறிப் பார்த்தேன். புகைபோக்கி ஓட்டுக்கூரையைத் தாண்டி வெளியேறும் இடத்தில் சுற்றிலும் விரிசல். ஒவ்வொரு மழைக்கும் சிமெண்டை அப்பியிருக்கிறார்கள். அடுப்புச் சூட்டில் அது ஒவ்வொரு முறையும் வெடித்திருக்கிறது. அடுக்கடுக்காக இருந்த பழைய பூச்சைக் கண்டதுமே, இது நேற்றைய ஓட்டை இல்லை என்று புரிந்துவிட்டது.

ஒழுக்கு தேடும்போது ஒருவர் மேலிருந்து தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் கீழே நின்று சொல்ல வேண்டும். "நீங்களே வந்து நில்லுங்க மொதலாளி, அப்பதான் உங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றேன். வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். ஒரு குடம் ஊற்றினேன். கரி கரைந்த தண்ணீர் அவர் தோளில் சொட்டியது. அதே மிளகளவுத் திட்டுகள். வேண்டுமென்றே இன்னொரு குடமும் ஊற்றினேன்.

வேலையில் மட்டும் வஞ்சகம் செய்யவில்லை. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் வரியில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, தகரத்தைச் செருகி ஓட்டின் மேல் மடித்து, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தேன். அது காய்ந்த பிறகு, சோதித்துக் காட்ட நாள் பார்த்துத்தான் போனேன். கீழே அம்மன் புடவைக்கான பட்டு சாயத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன்.

"சொட்டுதா மொதலாளி?"

"ஒரு சொட்டுகூட இல்லமா!"

இறங்கிப் போய்ச் சாயத் தொட்டியை ஒட்டி நின்றேன். நான் யார் மகள் என்பதைச் சொன்னேன். நூல் அலசும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"எனக்கு இன்னிக்கு தூரம். உங்க சட்டப்படி இந்தப் பட்ட தூக்கிக் கொட்டுங்க. இல்ல, எங்கம்மா மேல போட்ட பழி பொய்னு சொல்லுங்க."

அவர் பட்டைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். "அது ஒழுக்கு தண்ணிமா... உங்கம்மா ஒண்ணும் பண்ணல" என்று முனகினார்.

"கேக்கல மொதலாளி. அன்னிக்கு கத்துன மாதிரியே சொல்லுங்க."

கத்திச் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை.