ஒரு வளையமும் ஒரு குடையும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதே பள்ளிக்கூடத்தின் பெண்கள் வலைப்பந்து அணிக்கு ஆறு வருஷம் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். இதைச் சொன்னால் சிலர் என்னை இப்போதும் ஒருதரம் மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நியமனக் கடிதம் ஒன்றும் இருக்கவில்லை. விசில்கூட என்னுடையது இல்லை. அணியின் பயிற்சியாளரான ரீச்சர் ஊதிக் களைத்த பிறகுதான் அது என் கைக்கு வரும், நான் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு ஊதுவேன்.

அந்த வேலை எனக்கு மாடுகளால் கிடைத்தது. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு போவது என் பாடாகிவிட்டது. நெடுந்தீவில் எங்கள் மாடு மேய்கிற தரவைக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் நடுவில் ஒரு கல்வேலி, இடுப்பளவு உயரம். தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் பிள்ளைகள் எறிகிற பந்தில் பாதி அந்த வேலியைத் தாண்டி மாடுகளுக்குள் வந்து விழும். நான் எடுத்துத் திருப்பி எறிவேன். ஆளைப் பார்த்து நேரே எறிந்தால் காற்று பந்தைக் கொண்டுபோய்விடும் என்பது தரவையில் நிற்கிறவளுக்குத் தெரியாதா? கொஞ்சம் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி எறிவேன். பந்து வளைந்துபோய் ரீச்சரின் கையில் விழும்.

மூன்றாம் நாள் ரீச்சர் வேலிக்குக் கிட்ட வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், காற்றில் பறக்கிற தலைமயிரை ஒரு கையால் பிடித்தபடிதான் எப்போதும் பேசுவார்.

“நீர் எங்கை விளையாடினனீர்?”

“நான் விளையாடேல்லை ரீச்சர். மாடு பாக்கிறன்.”

“அப்ப நாளைக்கு நாலு மணிக்கு மாட்டோடை வாரும். மாடு வெளியிலை நிக்கட்டும். நீர் உள்ளுக்கு வாரும்.”

அடுத்த நாள் நாலு மணி வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. உள்ளே போனால் யாராவது எத்தனையாம் வகுப்புவரை படித்தனீர் என்று கேட்பார்களோ, கேட்டால் உண்மையைச் சொல்வதா, சொன்னால் சிரிப்பார்களோ என்று மாடுகளிடம் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருத்தரும் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அக்கா, உங்கடை செவலை முட்டுமோ?”

அப்படித்தான் நான் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குள் போனேன். வேறு வழியில் என்னை அந்த வாசலுக்குள் யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

மைதானத்தில் ஒரு வளையம்தான் இருந்தது. இரண்டு கம்பம் நட்டிருந்தார்கள், ஆனால் மேற்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு கட்டாக்காலிக் குதிரை வந்து முதுகு தேய்க்கத் தொடங்கியது. எங்கள் தீவில் குதிரைகள் அவிழ்த்துவிட்ட மாதிரித் திரியும், ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஒருநாள் விடியப் போய்ப் பார்த்தால் கம்பம் படுத்திருந்தது. குதிரை தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு எல்லாப் பயிற்சியும் கிழக்கு வளையத்தில்தான். கிழக்கைப் பார்த்து நின்றால் சோளகம் வலது தோளில் அடிக்கும். போட்டிக் காலமும் சோளகக் காலமும் ஒன்று. ஆகவே ரீச்சர் சட்டப் புத்தகத்தைப் படிப்பித்தார், நான் காற்றைப் படிப்பித்தேன்.

“வளையத்தைப் பாக்காதை. வளையத்துக்கு வலப் பக்கம் ஒரு சாண் தள்ளிப் பார். அங்கை எறி. மிச்சத்தைக் காத்துப் பாத்துக்கொள்ளும்.”

என் முழுப் படிப்பும் அவ்வளவுதான். அதை நன்றாகப் பிடித்துக்கொண்டவள் எங்கள் கோல் சூட்டர். நெடுநெடுவென்று வளர்ந்தவள், வாய் ஓயாது. வட்டத்துக்குள் அவளுக்கு ஒரே ஒரு இடம்தான், கம்பத்துக்கு நேர் எதிரே நாலடி தள்ளி. மற்ற இடமெல்லாம் கால் ஊன்ற முடியாத கல். அங்கே நின்று பத்து எறிந்தால் ஒன்பது விழும். மற்றவர்கள் எறிய முயல்வதே இல்லை, பந்தை அவளிடம் கொடுத்துவிட்டு நின்று பார்ப்பார்கள்.

இவ்வளவும் இருந்தும் மூன்று வருஷம் தொடர்ந்து யாழ்ப்பாணத்துக்குப் போட்டிக்குப் போய், மூன்று வருஷமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். கடல்தான் காரணம் என்று ரீச்சர் சொன்னார். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகு, பிறகு பட்டணத்துக்கு பஸ். சோளகக் கடலில் ஆடி அலைந்து வந்த பிள்ளைக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்? நானும் நம்பினேன். குமட்டலுக்கு முகரக் கொடுக்கப் பை நிறையத் தேசிக்காய் கொண்டுபோய், ஆட்டம் முழுக்கப் பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன், யார் இப்போது சத்தி எடுக்கப்போகிறாள் என்று. பந்து எங்கே போகிறது என்று பார்த்ததே இல்லை.

நாலாம் வருஷம் அதிபர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ரீச்சருக்கு இருக்கச் சொல்லிக் கதிரை காட்டினார். நான் கதவோடு நின்றேன்.

“ரீச்சர், இந்தமுறை ஒரு ஆட்டமாவது வெண்டுகொண்டு வாங்கோ. இல்லாட்டி வலைப்பந்தை விட்டிட்டு அந்தத் துண்டிலை தோட்டம் போடுவம். கத்தரியாவது காய்க்கும்.”

பிறகு என்னைப் பார்த்து, “நீரும் மாட்டை நிம்மதியாப் பாக்கலாம்” என்றார்.

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாக இல்லை. அணி இல்லையென்றால் உதவிப் பயிற்சியாளரும் இல்லை. தோட்டத்துக்கு உதவிப் பயிற்சியாளர் எதற்கு? மறுபடி கல்வேலிக்கு வெளியே நின்று உள்ளே பார்க்க வேண்டியதுதான்.

நான் ரீச்சரைப் பிடித்து ஆய்க்கினைப்படுத்தினேன். கடல்தானே காரணம், அப்படியென்றால் முதல்நாளே போவோம், தலைச்சுற்று தீர்ந்த பிறகு ஆடட்டும் என்றேன். ரீச்சர் சம்மதித்து யாழ்ப்பாணத்திலிருந்த தன் வீட்டிலேயே எல்லாரையும் தங்கவைத்தார். காலையில் பிள்ளைகள் இடியப்பமும் சொதியும் வெளுத்துக் கட்டியதைப் பார்த்தபோது எனக்கு மனம் குளிர்ந்தது. சாப்பிடுகிற பிள்ளைக்குத் தலைச்சுற்று இல்லை. ஆனாலும் தேசிக்காய்ப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டேன். மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

ஆட்டம் எப்போதும்போல ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் நடு முற்றத்தில். நாலு பக்கமும் மாடிக் கட்டடம், சுற்றிவர வேப்பமரம். விசில் ஊதியதும் எங்கள் பிள்ளைகள் பறந்தார்கள். காற்றுக்கு எதிரே ஓடிப் பழகிய கால்கள் அல்லவா? பந்து மாறி மாறி எங்கள் சூட்டரிடம் வந்தது. அவள் எறிந்தாள். விழவில்லை. பிறகும் எறிந்தாள். விழவில்லை. முதல் கால்பகுதி முடியும்போது எதிர் அணிக்கு ஏழு, எங்களுக்கு ஒன்று.

“பயந்திட்டாள்” என்றார் ரீச்சர்.

பயத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவள் முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. கடலும் இல்லை, இடியப்பம் உள்ளே பத்திரமாக இருந்தது. அப்படியென்றால் என்ன என்று யோசித்தபோதுதான் என் கையைக் கவனித்தேன். ஒரு கையில் தேசிக்காய்ப் பை, மற்றக் கையில் குடை. ஊரில் இந்த மாதத்தில் வெளியே நின்றால் ஒரு கை எப்போதும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். விட்டால் பறந்துவிடும். இங்கே நான் இவ்வளவு நேரமும் அதைப் பிடிக்கவே இல்லை. அது தன் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

அவள் எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்கு வலப் பக்கம் ஒரு சாண் தள்ளித்தான் விழுந்தது. நான் சொல்லிக்கொடுத்த இடத்தில், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. மூன்று வருஷமும் தோற்கவைத்தது கடல் இல்லை, நான்தான். கடலிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். “பிள்ளை, இஞ்சை காத்தில்லை. நேரை எறி.”

“இதை முதலே சொல்லுறதுக்கென்ன?” என்று கேட்டுவிட்டு அவள் போனாள். இரண்டாம் கால்பகுதியில் நேரே எறிந்து பார்த்தாள். வலப் பக்கம் போன பந்து இப்போது இடப் பக்கம் போனது, வளையத்தின் முன்னால் விழுந்தது, ஒருதரம் எதிர் அணிக்காரியின் தலையிலும் விழுந்தது. பாதி ஆட்டம் முடிய பதினொன்றுக்கு இரண்டு.

“யோசிச்சு எறிஞ்சால் கை வருகுதில்லை அக்கா. வளையத்தைக் கண்டால் கை தன்ரை பாட்டிலை வலப் பக்கம் போகுது.”

“அப்ப கை போற மாதிரியே போகட்டும்” என்றேன். “நீ வளையத்தைப் பாக்காதை. நான் கம்பத்துக்குப் பின்னாலை, இடப் பக்கமா ஒரு சாண் தள்ளி நிக்கிறன். என்ரை தலைதான் வளையமெண்டு நினைச்சுக்கொள்.”

“உங்கடை தலையிலை விழுந்தால்?”

“விழாது. வலப் பக்கம் ஒரு சாண் தள்ளித்தானே போகும்.”

மூன்றாம் கால்பகுதி தொடங்கியது. நான் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் என் தலையைப் பார்த்தாள், எறிந்தாள். பந்து வளையத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதற்கு முன் நடுவர் விசிலோடு என்னிடம் வந்தார்.

“ஆர் நீங்கள்? இஞ்சை நிக்கேலாது.”

“உதவிப் பயிற்சியாளர் மிஸ்.”

“அப்ப அங்காலை போய் நில்லுங்கோ.”

போனேன். போகும்போது குடையை விரித்து, பின்னால் இருந்த கம்பிவேலியில் என் தலை இருந்த உயரத்துக்குக் கொழுவிவிட்டுப் போனேன். நடுவர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினார் போலும். குடையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விசில் ஊதினார். எங்கள் சூட்டர் குடையைப் பார்த்து எறியத் தொடங்கினாள். அந்தக் கால்பகுதி முடிய பதினாலுக்குப் பத்து.

கடைசிக் கால்பகுதிக்குப் பக்கம் மாறவேண்டும். நான் குடையோடு மற்றப் பக்கம் ஓடினேன். அங்கே கம்பிவேலி இல்லை, ஒரு வேப்பங் கொப்பு தாழ்ந்து நின்றது. கொழுவினேன்.

“உதென்ன, குடையும் விளையாடுதோ?” என்று மாடியில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று விழுந்துகொண்டிருந்தது. எதிர் அணி இன்னும் இரண்டு போட்டது. நாங்கள் விடவில்லை. பதினாறுக்குப் பதினாறு.

அப்போது என் சேலைத் தலைப்பு பறந்தது.

கட்டடங்களுக்கு நடுவில் எங்கேயோ வழி கண்டுபிடித்து சோளகம் முற்றத்துக்குள் வந்துவிட்டது. வேப்பிலை சலசலத்தது. பந்து எங்கள் சூட்டரின் கையில். குடை இன்னும் கொப்பில். குடையைப் பார்த்து எறிந்தாளோ, காற்று பந்தை இடப் பக்கம் தள்ளிவிடும். கத்தவும் ஏலாது, ஓடிப்போய்க் குடையை மடக்கவும் நேரமில்லை.

குடை தானாகவே ஒரு முடிவெடுத்தது. ஒரு வீச்சில் மேற்பக்கமாக விரிந்து, கம்பியெல்லாம் வானத்தைப் பார்க்க, பூ மாதிரி நின்றது. மாடியில் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் சூட்டரும் சிரித்தாள். சிரித்தபடியே வலது தோளை ஒருதரம் அசைத்துப் பார்த்தாள். காற்று அங்கேதான் அடித்தது, ஊரில் அடிக்கிற மாதிரி. குடையை விட்டுவிட்டு வளையத்தைப் பார்த்தாள். எறிந்தாள். பந்து வலப் பக்கம் போய், வளைந்து, இறங்கியது.

கடைசி விசில் கேட்டபோது நான் தேசிக்காய்ப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். “சத்தி வருதோ?” என்று ரீச்சர் கேட்டார்.

பின்னேரம் இரண்டாவது ஆட்டம். சோளகம் நன்றாகவே உள்ளே வந்திருந்தது. ஆனால் மேற்கு வளையத்துக்கு எறியும்போது காற்று இடது தோளில் அடித்தது. அதற்கு எங்களிடம் பயிற்சியும் இல்லை, குடையும் இல்லை. படுதோல்வி. ஒருத்தரும் அழவில்லை. அதிபர் கேட்டது ஒன்றைத்தானே?

அடுத்த நாள் அதிபர் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றார். “வெண்டனீங்களோ?”

“ஓம் சேர், ஒண்டு” என்றேன்.

“ஒண்டு காணும், அது போதும்.” எங்கள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப மேற்கிலையும் ஒரு கம்பம் நடவேணும்” என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் மட்டும் கணக்குப் போட்டேன். இரண்டு வளையம் என்றால் ஒரு பக்கம் வலது தோள், மறுபக்கம் இடது தோள். இந்தப் பிள்ளை குழம்பிவிட்டால்?

“யோசிக்காதேங்கோ அக்கா” என்றாள் சூட்டர். “நீங்கள் எனக்கும் சேத்துத்தானே யோசிக்கிறியள்.”

அந்தக் கிழமையே கம்பம் நட்டார்கள். அடுத்த நாள் நான் வழக்கத்தைவிட வேளைக்கே மாட்டைச் சாய்த்துக்கொண்டு போனேன். நினைத்தது சரி. குதிரை புதுக் கம்பத்துக்குக் கிட்ட வந்து, முதுகை எந்தப் பக்கம் வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றது. உடைந்த குடையை ஓங்கிக்கொண்டு கல்வேலியைத் தாண்டினேன். அடுத்த இரண்டு வருஷமும் உதவிப் பயிற்சியாளரின் முதல் வேலை அதுதான்.