அம்மா பார்க்காத ஆட்டம்

டேனிஷ் தீபகற்பமான யூட்லாந்தின் உயர்நிலைப் பாடசாலைகளில் மிக நன்றாக உதைபந்தாடும் பெண்களைத் தெரிந்தெடுத்து, வடக்கு, தெற்கு என இரண்டு அணிகளாக்கி, ஆண்டுக்கொருமுறை மே மாதத்தில் ஒரேயோர் ஆட்டம் ஆடவைப்பார்கள். சேர்ட் அணிக்குரியது, காலுறை மட்டும் அவரவர் பாடசாலைக்குரியது. ஓர் அணி ஓடினால் பல நிறக் கால்கள் தம்பாட்டில் ஓடுவதுபோலிருக்கும். தெற்கு அணியின் கோல் காப்பாளராக என் அக்கா தெரிவான ஆண்டில் ஆட்டம் கடற்கரை நகரான எஸ்பியர்க்கில் நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் வசித்த பிராண்டேயிலிருந்து அம்மாதான் காரோட்டி வந்தார். ஓகஸ்ட்டில் கோபன்ஹேகனுக்கு வந்து, அங்கேயே தங்கிப் படித்து ஆடும்படி அங்குள்ள ஒரு பயிற்சியாளர் அக்காவைக் கேட்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வாரமாக அக்காவால் முடிவெடுக்க முடியவில்லை. அம்மாவிடம் கேட்டபோது, “உன்ர விருப்பம், பிள்ளை” என்று அவர் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மா அக்காவின் ஆட்டங்களைப் பார்ப்பதில்லை. முன்பொருமுறை ஆசையாகப் போய்ப் பார்த்த அன்று அக்காவின் விரல் முறிந்தது. தன் கண்ணூறுதான் காரணமென்று அம்மா முடிவுகட்டிவிட்டார். சொன்னால் பிள்ளை பயந்துவிடும் என்று, முதியோர் இல்ல வேலையின் களைப்பைச் சாட்டாகச் சொல்லிக் காருக்குள்ளேயே இருந்துவிடுவார். உண்மை எனக்கு மட்டுமே தெரியும். பார்த்துவந்து சொல்லும் தூதுவேலையும் எனக்குத்தான்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கடலிலிருந்து மூடுபனி வந்தது. மறுபக்கக் கோல் முதலில் மறைந்தது, பிறகு நடுக்கோடு. வெண்மைக்குள் காலடிகள் கேட்டன, கூப்பாடுகள் கேட்டன, ஆட்களைக் காணவில்லை. தன் கோலடியில் அக்கா தனியாக நின்றாள். எங்கோ தொலைவில் நடக்கும் ஏதோவொன்றுக்காகக் காத்திருப்பவள்போலத் தெரிந்தாள். நெடுநேரத்துக்குப் பிறகு பனியிலிருந்து பந்து மட்டும், உதைத்தவர் யாருமின்றி, மெல்ல மிதந்து வந்தது. அவள் பாய்ந்தும் எட்டவில்லை.

நான் காருக்கு ஓடினேன்.

“ஒண்டு விட்டிட்டா.”

“நான் பாக்கேல்லத்தானே? பிறகென்னெண்டு விட்டவள்?” அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. என்னோடா, அக்காவோடா, தன் கண்ணோடா என்று தெரியவில்லை. சிறிது நேரம் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உந்தப் பனிப்புகாருக்குள்ள கண்ணும் படாது. வா.”

நாங்கள் வேலியருகே போய் நின்றபோது வடக்கு அணிக்குத் தண்ட உதை கிடைத்திருந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். விசில் ஒலித்தது. பச்சைக் காலுறை ஒன்று பனியைக் கிழித்து ஓடிவந்தது. அக்கா இடப்பக்கம் சாய்ந்தாள். ஒரு கணம் நிலத்தோடு தொடர்பே இல்லாதவள்போல் காற்றில் கிடந்தாள். பந்து அவள் கையில் பட்டு எங்கள் வேலிக்கு வெளியே வந்து விழுந்தது.

“உது எங்கட பிள்ளையோ?” என்று அம்மா மிக மெதுவாகக் கேட்டார். என் தோள் நொந்தது. பிறகு அவசரமாகத் திரும்பி நடந்தார். “நான் வந்தனெண்டு அக்காட்டச் சொல்லிப்போடாத. கேட்டால் இல்லையெண்டு சொல்லு.”

ஆட்டம் முடிந்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தாள். எங்களுக்குள் எப்போதும் டேனிஷில் கதைப்பவள், அன்று தமிழில் கேட்டாள்.

“அம்மா வந்து பாத்தவவோ?”

“இல்லை. காருக்குள்ளதான் இருந்தவ.”

“ஒருக்காலும் வரேல்லையோ?”

“ஒருக்காலும் வரேல்லை.”

அவள் கார்கள் நின்ற பக்கம் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஆட்டம் பார்க்க வந்திருந்த கோபன்ஹேகன் பயிற்சியாளரிடம் நடந்துபோய்க் கை கொடுத்தாள்.

திரும்பும் வழியில், “என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“ஓகஸ்ட்டில போறன்.”

“ஓம்” என்றார் அம்மா.

நான் பின்னிருக்கையில், அம்மா சொன்னதைச் சொன்னபடியே செய்துவிட்ட நிறைவோடு, அக்காவின் சன்னலோரக் கட்டில் இனி எனக்குத்தான் என்று நினைத்தபடி தூங்கிப்போனேன்.