முகப்புக் கண்ணாடி

ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். ஒரு வீட்டின் முன்னால் அரண்மனைத் தூண் நான்கு நிற்கும். உள்ளே இரண்டே அறை. பக்கத்து வீட்டுச் சுவரில் பளபளவென்று தகடு ஒட்டியிருக்கும். எதிர்வீடு டப்பா மேல் டப்பா அடுக்கியது போல இருக்கும். சன்ஷேடு கிடையாது, மழை நேரே ஜன்னலுக்குள் அடிக்கும். இதற்கெல்லாம் எலிவேஷன் என்று பெயர்.

நான் மட்டும் என்ன யோக்கியனா? தரையிலிருந்து மாடி வரைக்கும் முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி வைத்தேன். திறக்க முடியாது. பகலில் உள்ளே இருந்து தெரு தெரியும். வெளியே இருப்பவனுக்கு அவன் முகம்தான் தெரியும். இருட்டினதும் திரையை இழுத்துவிடுவோம். இன்ஜினியர் போனில் படம் காட்டினார், பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன்.

பால் காய்ச்சிக் குடிவந்த மறுமாதம் அப்பாவுக்கு வாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் புரியும். தெருவைப் பார்த்தபடி படுத்திருக்கட்டும் என்று கண்ணாடியை ஒட்டிக் கட்டிலைப் போட்டேன். அதையும் செத்த கை கண்ணாடிப் பக்கம் இருக்கும்படி போட்டேன். தட்டிக் கூப்பிடக்கூட அவரால் முடியாது. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தினமும் காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அந்த வழியாகத்தான் திரும்புவார். சின்ன வயதிலிருந்து மாப்பிள்ளை, மச்சான் என்று பழகியவர்கள். அவர் எங்கள் கண்ணாடி முன்னால் நிற்பார், சீப்பை எடுத்துத் தலை சீவுவார், மீசையைத் தடவிக்கொண்டு போய்விடுவார். உள்ளே அப்பா கத்துவார். ஒரு சத்தமும் வெளியே போகாது.

"என் மூஞ்சிக்கு நேரா நின்னு தல சீவுறான்லே. ஒரு வார்த்த கேக்கல."

"வெளிய இருந்து பாத்தா நீங்க தெரிய மாட்டீங்கப்பா. கண்ணாடி அப்பிடி."

"போடா கூமுட்ட. அவன் மூக்குல இருக்க மசுரு வரைக்கும் எனக்குத் தெரியுது. அவனுக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நான் போயிக் கூட்டிட்டு வாரேன்."

"கூப்புட்டு வாரவன் எனக்கு வேணாம். கை கால் வெளங்காதவன்கிட்ட என்ன பேச்சுன்னு ஒதுங்கிட்டான்."

சோற்றைக் குறைத்துவிட்டார். என் மனைவி கெஞ்சினாள், திட்டினாள். "ஒருக்கா வெளிய கொண்டு போயிக் காட்டித் தொலைங்களேன்" என்றாள். எனக்கும் ஆத்திரம்தான். ஒருநாள் காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, ஐந்து படி தூக்கி இறக்கித் தெருவுக்குக் கொண்டுபோனேன். சிநேகிதர் சீப்போடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"அடப்பாவி மாப்ள! இங்கயா கெடக்க? ஆத்தூருக்கு மக வீட்டுக்குப் போயிட்டன்னுல்ல சொன்னாய்ங்க!"

"பாத்தீங்களா? இப்பக் கண்ணாடியப் பாருங்க. உள்ள எதாச்சும் தெரியுதா?" என்று நாற்காலியைத் திருப்பினேன். ஜெயித்துவிட்ட திமிர் எனக்கு.

அப்பா பார்த்தார். வாதம் வந்ததிலிருந்து அவரிடம் யாரும் முகக்கண்ணாடி கொடுத்ததில்லை. சவரம்கூட நான்தான் செய்துவிடுவேன். இடப்பக்கம் இழுத்துக்கொண்ட வாய், தொங்கிப்போன வலது கண், தாடையில் எச்சில். இடது கையால் எச்சிலைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இப்பிடியாலே ஆயிட்டேன்?"

சிநேகிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்னைக்குடா மன்மதனா இருந்த? பொண்ணு பாக்கப் போனப்பவே என்னையத்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சாக" என்றார். மற்ற நாளாக இருந்தால் அப்பா பதிலுக்கு நாலு விட்டிருப்பார். துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"உள்ள கொண்டு போ."

உள்ளே வந்ததும் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். மறுநாள் சிநேகிதர் வாழைப்பழச் சீப்போடு வந்து கேட்டில் மணி அடித்தார்.

"தூங்குறேன்னு சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். இன்றைக்கும் அந்த மனுஷன் தினமும் வருகிறார், தினமும் அதையே சொல்லி அனுப்புகிறேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், "போயிட்டானா?" என்று பின்னறையிலிருந்து குரல் வரும்.